காரியஸ்தர் கேட்ட சாட்சி

காமகுரா,
இரண்டாம் மாதம், பத்தாம் நாள்

அண்ணன் நோபுகுனி அவர்களுக்குத் தங்கை சிகுசா வணங்கி எழுதுவது.

கடற்கரைக் குளிர் இன்னும் விடவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காவல் முறைக்கென்று கியோத்தோ போன உங்களுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? பல்வலி விட்டதா?

அப்பாவின் ஏழாம் ஆண்டு நினைவு நாள் நல்லபடியாக நடந்தது. எனக்கு ஒரு நாள்தான் விடுப்பு கிடைத்தது. மலைக்கோயிலுக்குப் போய் அரிசியும் உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழமும் வைத்துக் கும்பிட்டேன். அப்பாவுக்குப் பிடிக்குமே என்று கல்லறையில் கொஞ்சம் மதுவும் ஊற்றினேன். துறவி பார்க்காதவர்போல் திரும்பிக்கொண்டார்.

என் வேலையைக் கேட்டிருந்தீர்கள். காலையில் சேனாதிபதிக்குத் தலைவாரிக் கொண்டை முடிய வேண்டும். அதற்குப் பிறகு எனக்கும் வேலை இல்லை, அவருக்கும் இல்லை. நாட்டை நடத்துகிற காரியஸ்தர் வீட்டு ஆள் வந்து முத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறான். நடுவில் சேனாதிபதி பேரில் யாருக்கு நிலம் போயிற்று, யாருக்குத் தலை போயிற்று என்று சேனாதிபதிக்கே தெரியாது. சமையல்கட்டு இசோ சொல்கிறாள்: "நம்ம பிரபு திருவிழாப் பல்லக்குல உக்கார வச்ச பொம்மை. பல்லக்கு எங்க போகுதுன்னு பொம்மையக் கேட்டா அது என்ன சொல்லும்?"

பதினொரு வயதில் கியோத்தோ அரண்மனையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை, இப்போது மீசை வைத்த ஆள். கொஞ்ச நாளாகத் தலைவலியில் அவதிப்படுகிறார். மலைக்கோயிலிலிருந்து ஒரு கிழத்துறவி வந்து மந்திரம் ஓதிவிட்டுப் போகிறார்.

காரியஸ்தர் மன்றத்தில் நம் ஆற்றங்கரை வயல் வழக்கு இன்னும் அப்படியே கிடக்கிறது. அங்கே யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

உங்கள் உடம்பே எனக்குக் கவலை. பதில் எழுதுங்கள்.

சிகுசா


கியோத்தோ,
மூன்றாம் மாதம், நான்காம் நாள்

அன்புத் தங்கை சிகுசாவுக்கு உன் அண்ணன்.

இங்கே பூ மலர்ந்து ஊரே கிறுகிறுத்துக் கிடக்கிறது. நான் நலம். பல்லைப் பிடுங்கிவிட்டேன், வலி போயிற்று, கூடவே அழகும் போயிற்று. உன் உடம்பு எப்படி? கடற்காற்றில் தலையை உலர்த்தாதே என்று எத்தனை முறை சொல்வது?

இந்த ஊரில் மீன் விற்கிறவள்கூடப் பாட்டு மாதிரிதான் பேசுகிறாள். நேற்று ஒருத்தியிடம் "என்ன வெல?" என்று கேட்டேன். கூடையைக் கீழே போட்டுவிட்டாள். "கிழக்கத்தி ஆளா நீங்க? அடிக்க வர்றீங்களோன்னு பயந்துட்டேன்!" என்கிறாள். மீனையும் கொடுத்தாள், இரண்டு மடங்கு விலையும் வாங்கிக்கொண்டாள்.

காரியஸ்தருக்கு இங்கே இருக்கும் காவல் மனையில்தான் எங்களுக்கு முறை. உன் கடிதம் வந்த அன்று தலைமைக் காவலர் பக்கத்தில் இருந்தார். "உன் தங்கச்சி சேனாதிபதிக்கே தலைவாருதா? அடேயப்பா! அப்ப எங்களுக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியும்" என்று தோளில் தட்டினார். வயல் வழக்கையும் அவர் காதில் போட்டேன். பார்க்கலாம் என்றார். நல்ல மனிதர்போல் தெரிகிறது.

பிரபுவின் தலைவலி எப்படி இருக்கிறது? அந்தத் துறவி கெட்டிக்காரரா? என் முறை முடியும்போது எனக்கும் ஒரு மந்திரம் வேண்டியிருக்கும்.

இங்கிருந்தே உன் தலையைத் தொட்டு வாழ்த்துகிறேன்.

நோபுகுனி


காமகுரா,
மூன்றாம் மாதம், இருபத்தெட்டாம் நாள்

அண்ணன் அவர்களுக்குச் சிகுசாவின் வணக்கம்.

பல் போனால் என்ன, நீங்கள் நலமாக இருப்பதே போதும். நானும் நலம். தலையை வீட்டுக்குள்தான் உலர்த்துகிறேன்.

துறவியின் பெயர் கென்கெய். வாயில் பல்லே இல்லை. மந்திரம் பாதி காற்றாகத்தான் வருகிறது. ஆனால் அவர் வந்து போனால் பிரபு சிரிக்கிறார். நான் தலைவாரிக்கொண்டிருந்தபோது பிரபு அவரிடம் சொன்னார்: "சாமி, என் தலைவலியில பாதி காரியஸ்தருக்குப் போகட்டும்னு ஓதுங்களேன். வேலையப் பங்கு போட்டுக்கிட்டவரு வலியையும் பங்கு போட்டுக்கட்டும்." கிழவர் பொக்கை வாயைத் திறந்து அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து சீப்பை நழுவவிட்டேன்.

இன்னொரு செய்தி. காரியஸ்தர் வீட்டிலிருந்து சதாஹிரா என்று ஓர் அதிகாரி இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறார். மெதுவான பேச்சு, சுத்தமான நகம். வேலைக்காரர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார். என்னிடம், "அண்ணன் கடிதம் போடுறாரா? நல்லது, நல்லது. உறவு விட்டுப்போகக் கூடாது" என்றார். எனக்கு அண்ணன் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள்.

மழைக்காலம் வருகிறது. பாதத்தை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சிகுசா


கியோத்தோ,
ஐந்தாம் மாதம், இரண்டாம் நாள்

தங்கை சிகுசாவுக்கு நோபுகுனி எழுதுவிப்பது.

நலம். நீயும் நலமென நம்புகிறேன். கதவில் மாட்டி வலக்கை விரல்கள் நசுங்கிவிட்டன. ஆகையால் மனையின் எழுத்தர் எனக்காக எழுதுகிறார். பதில் தாமதமானதற்கும் அதுவே காரணம்.

நீ எழுதிய துறவி கென்கெய் குறித்துச் சில விவரங்கள் வேண்டும். அவர் எந்தெந்த நாட்களில் வந்தார்? என்ன மந்திரம் ஓதினார்? ஓதும்போது யார் பெயரைச் சொன்னார்? காகிதத்தில் பெயர் எழுதித் தீயில் இட்டாரா? அப்போது சேனாதிபதி என்ன சொன்னார்? தெளிவாக எழுது.

வயல் வழக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும் என்று இங்கே சொல்கிறார்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

நோபுகுனி


காமகுரா,
ஐந்தாம் மாதம், இருபதாம் நாள்

அண்ணன் அவர்களுக்கு.

விரல்கள் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன்.

சதாஹிரா நேற்று உலர்ந்த கடல் நத்தை ஒரு கட்டு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மழையைப் பற்றிப் பேசினார், நெல்லைப் பற்றிப் பேசினார். போகிறபோது வாசலில் நின்று திரும்பி, "வேலையப் பங்கு போட்டுக்கிட்டவரு வலியையும் பங்கு போட்டுக்கணும். நல்ல பேச்சும்மா அது. சேனாதிபதிக்கு நாக்குல சரசுவதின்னுதான் சொல்லணும்" என்றார். 

அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். பிரபு வெளியே சொல்ல மாட்டார். துறவி கென்கெய் மழைக் காய்ச்சலில் படுத்து, போன வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரும் சொல்லியிருக்க முடியாது. மிச்சம் நான். நான் எழுதியது உங்களுக்கு மட்டும்.

அண்ணா, என் கடிதத்தை யாரிடம் காட்டினீர்கள்?

உங்கள் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் அண்ணன் பேசுகிற மாதிரி இல்லை. மன்றத்து எழுத்தன் பேசுகிற மாதிரி இருக்கிறது. விரல் நசுங்கியவன் வலிக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருக்க மாட்டானா? ஆற்றங்கரை வயலுக்காக எதையாவது விற்கத் தொடங்கிவிட்டீர்களா? வயல் இல்லாமலும் நாம் கஞ்சி குடித்திருக்கிறோம்.

கென்கெய் தலைவலி மந்திரம் ஓதினார். எந்தப் பெயரையும் எழுதவில்லை, எரிக்கவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சிகுசா


கியோத்தோ,
ஆறாம் மாதம், பதினைந்தாம் நாள்

தங்கை சிகுசாவுக்கு நோபுகுனி எழுதுவிப்பது.

இங்கே வெயில் கடுமை. நான் நலம்.

நீ சரியாக நினைவுபடுத்திப் பார். துறவி காரியஸ்தரின் பெயரை எழுதித் தீயில் இட்டதையும், காரியஸ்தர் சாக வேண்டும் என்று சேனாதிபதி சொன்னதையும் நீ பார்த்திருக்கிறாய், கேட்டிருக்கிறாய். பயத்தில் மறந்திருக்கலாம். சதாஹிரா உன்னிடம் வருவார். அவரிடம் உன் மனமறிந்து சொல். குடும்பத்துக்கு நல்லது.

அப்பாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மழையில் அவரை வெளியே விடாதே. அவர் பிடிவாதக்காரர், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் விசாரித்ததாகச் சொல்.

நோபுகுனி


காமகுரா,
ஆறாம் மாதம், இருபத்தேழாம் நாள்

அன்பான அண்ணாவுக்குச் சிகுசா வணங்கி எழுதுவது.

கடிதம் கண்டேன். போன முறை கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நான் நலம்.

அப்பாவும் நலம். மூட்டுவலி என்று முனகுவதே இல்லை. முன்னைவிடப் பேச்சு குறைந்துவிட்டது. பிடிவாதமாக இருந்த இடத்தைவிட்டு நகராமல் இருக்கிறார். நீங்கள் விசாரித்ததைச் சொன்னேன். உங்களைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. "அவன் சாப்பிடுறானா, தூங்குறானா, எப்ப வருவான்?" என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

சதாஹிரா வந்தார். நினைவுபடுத்திப் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறேன். "நிதானமா யோசிங்கம்மா. அடிச்சு வாங்குற சாட்சி எங்க ஐயாவுக்கு வேணாம். தலைவாருற பொம்பளை தானா வந்து சொன்னாத்தான் ஊர் நம்பும்" என்றார்.

சிகுசா


கியோத்தோ,
ஏழாம் மாதம், பத்தாம் நாள்

தங்கை சிகுசாவுக்கு.

அப்பா நலமென்று அறிந்து நிம்மதி.

சாப்பாடு வேளைக்கு வருகிறது என்று அவரிடம் சொல். தூக்கத்துக்கு நேரம் நிறைய. இலை உதிர்வதற்குள் நான் அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அவரைப் பார்க்க ஆசைதான். அதற்காக நீ எதுவும் மெனக்கெட வேண்டாம். அப்பாவைக் கேட்டால் அவரும் அதையே சொல்லுவார்.

சதாஹிராவிடம் உன் மனமறிந்து பேசு. உன் மனம் அறிந்ததை மட்டும்.

நோபுகுனி


காமகுரா,
ஏழாம் மாதம், இருபத்துநான்காம் நாள்
(அனுப்பாமல் வைத்துக்கொண்டது)

அண்ணா,

இதை அனுப்ப மாட்டேன். அனுப்பினால் உங்களுக்கு முன்னால் வேறு யாரோ படிப்பார்கள். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இந்தக் காரியத்தைச் செய்ய எனக்குத் தைரியமில்லை.

நீங்கள் அப்பாவின் மூட்டுவலியை விசாரித்த அன்று, முதலில் உங்களுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்றுதான் பயந்தேன். செத்து ஏழு வருடமான மனிதருக்கு என்ன மூட்டுவலி? பிறகுதான் உறைத்தது. எழுதுகிறவன் சொல்லிக்கொடுத்ததற்கு நடுவில், அவனுக்குத் தெரியாமல் நீங்கள் எனக்கென்று நுழைத்தது அந்த ஒன்றுதான். என் கடிதங்களில் அவர்கள் துறவியைத் தேடினார்கள். நம் அப்பாவை யார் தேடப்போகிறார்கள்? நீங்கள் அடைபட்டுக் கிடக்கிறீர்கள். விரல்களைக் கதவு நசுக்கவில்லை. உங்களைச் சந்தேகப்பட்ட இந்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இலை உதிர்வதற்குள் அப்பாவிடம் போய்ச் சேருவீர்கள் என்ற வரியைப் படித்த பிறகு உங்களைக் கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. மெனக்கெடாதே என்கிறீர்கள். நான் மரம் இல்லை, அண்ணா.

நேற்றுக் காலை பிரபுவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். சீப்பு சிக்கில் மாட்டி முடியை இழுத்துவிட்டது.

"என்ன சிகுசா, கொண்டை போடுறியா இல்ல கொத்தோட பிடுங்குறியா?" என்றார்.

சீப்பைக் கீழே வைத்தேன். திரைக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. இந்த வீட்டில் சுவருக்குச் சம்பளம் காரியஸ்தர் கொடுக்கிறார். முதலில் பிரபுவின் மேலேயே சந்தேகம் வந்தது: நான் சொல்வதை இவரே சதாஹிராவிடம் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டால்? ஆனாலும் சொல்லிவிட்டேன். உங்களை, விரல்களை, கேட்கிற சாட்சியை, எல்லாவற்றையும்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொட்டாவி விட்டார்.

"இத்தனை நாளாவா இத வயித்துக்குள்ள வச்சிருந்த? பாவம். எப்படியும் என்னை அனுப்பத்தான் போறாங்க. எனக்கு முன்னால இருந்தவரையும் இப்படித்தான் அனுப்பினாங்க. இந்த வீட்டுக்குச் சின்னப் பசங்கதான் லாயக்கு. மீசை முளைச்சா ஆகாது. ஒரு காரணம் வேணும், அதத்தான் தேடுறாங்க."

"நான் சொல்ல மாட்டேன் பிரபு" என்றேன்.

"நீ சொல்லலன்னா இசோ சொல்லுவா. அவளுக்கும் ஊர்ல ஒரு அண்ணனோ தம்பியோ இல்லாமலா இருப்பான்? அவன் விரலையும் எதுக்கு நசுக்கணும்?" கீழே கிடந்த சீப்பை எடுத்துக்கொண்டே கேட்டார்: "அந்தச் சாமியார் செத்துட்டாருல்ல?"

"செத்துட்டாரு."

"சிஷ்யன் யாரும் உண்டா?"

"இல்ல. ஒண்டிக்கட்டை."

"அப்ப சரி. செத்தவரைக் கட்டி வச்சு அடிக்க முடியாது. என் உடம்பையும் இவங்க தொட மாட்டாங்க. நான் பொறந்த குடி அப்படி. ஊருக்கு அனுப்புவாங்க, அவ்வளவுதான். எங்க அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க." திரும்பி என்னை நேராகப் பார்த்தார். "நீ போ. சாமியார் பேரை எழுதி எரிச்சாரு, நான் பக்கத்துல உக்காந்து காரியஸ்தர் சாகணும்னு சொன்னேன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஆணை போடுறேன்" என்றார். சொல்லிவிட்டுத் தனக்கே சிரித்துக்கொண்டார். "சரியா வரல, இல்ல? பழக்கம் இல்ல. என் பேர்ல எத்தனையோ ஆணை போயிருக்கு சிகுசா. குடும்பத்தோட தலை வாங்கின ஆணைகூடப் போயிருக்குன்னு கேள்வி. ஒண்ணையும் நான் படிச்சதில்ல. இது ஒண்ணுதான் நானா போடுறது. இதையும் நீ கேக்கலன்னா, நான் சேனாதிபதியா இருந்ததுக்கு என்ன அர்த்தம்?"

நான் அழுதேன். அவர் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நான் சொல்லித்தான் சொன்னேன்னு மூச்சு விடாத. தெரிஞ்சா சாட்சி செல்லாது, உன் அண்ணன் வெளிய வர மாட்டான். உன் அண்ணன்கிட்டயும் சொல்லாத. அவன் முகம் காட்டிக்குடுத்துரும். நீ மட்டும் கெட்ட பேரைச் சுமக்கணும். அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு, "கொண்டைய முடிச்சு விடு. பாதியில நிக்குது" என்றார்.

நாளைக்குச் சதாஹிராவிடம் போகிறேன். இந்தக் காகிதத்தை உடனே எரித்துவிட வேண்டும். கை வரவில்லை. என் மார்புத்துணிக்குள் இருக்கட்டும்.

சிகுசா


கியோத்தோ,
எட்டாம் மாதம், இருபத்தைந்தாம் நாள்

சிகுசாவுக்கு நோபுகுனி.

இது என் கை எழுத்துதான். இரண்டு விரல் இனி மடங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார், அதனால் கோணல். மற்றபடி நலம். இந்த மாதம் ஐந்தாம் நாள் மறுபடியும் காவல் முறைக்கு வந்துவிட்டேன். தலைமைக் காவலர் என்னைக் கட்டிப்பிடித்து, "உன் தங்கச்சி ஒரு வீராங்கனையப்பா" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

நீ சொன்ன சாட்சி இந்த ஊரெல்லாம் தெரியும். ஒரு செத்த துறவியும் சேனாதிபதியும் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்ததை நீ கதவிடுக்கு வழியாகப் பார்த்தாயாம். மீன்காரி அதை என்னிடமே சொன்னாள், நான் யார் என்று தெரியாமல். கடைசியில், "தலைவாருன கையாலயே கழுத்த அறுத்துட்டாளே" என்றாள். நான் மீன் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆற்றங்கரை வயல் நமக்கே என்று தீர்ப்பாகிவிட்டது. மகிழ்ச்சிதானே?

எதற்கும் மெனக்கெட வேண்டாம் என்று நான் எழுதியிருந்தேன். உன் கைக்கு அது வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. வந்திருக்கும். உனக்குப் படிக்கத் தெரியும்.

அப்பா இப்போதெல்லாம் உன்னைப் பற்றிக் கேட்பதில்லை.

நோபுகுனி


காமகுரா,
ஒன்பதாம் மாதம், பத்தாம் நாள்

அண்ணன் அவர்களுக்குச் சிகுசா வணங்கி எழுதுவது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். கோணலாக இருந்தாலும் உங்களுடையது. வெந்நீரில் உப்புப் போட்டு விரல்களை நனைத்துவாருங்கள். நான் நலம்.

பிரபுவை நேற்று அனுப்பிவிட்டார்கள். காலையிலேயே காரியஸ்தர் வீட்டு வீரர்கள் வாசலை அடைத்துக்கொண்டார்கள். பல்லக்கைத் திருப்பி வைத்து அதில் ஏறச் சொன்னார்கள். குற்றவாளியை அப்படித்தான் ஏற்றுவார்களாம், போகிற திசைக்கு முதுகைக் காட்டி. சதாஹிரா வருத்தமான முகத்தோடு, "முறை அப்படி, பிரபு" என்றார். பிரபு ஏறி உட்கார்ந்தார். அவமானப்படுத்த நினைத்துத் திருப்பி வைத்தார்கள். அதனால் கடைசிவரை எங்களைப் பார்த்துக்கொண்டேதான் போனார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். மணல் திருப்பத்தில் பல்லக்கு மறைகிறவரை ஒருவரும் அழவில்லை. பிறகு எல்லோரும் அழுதார்கள், என்னைத் தவிர. நான் அழுதால் யார் நம்புவார்கள்?

மத்தியானம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். இசோ கஞ்சியை ஊற்றுவதுபோல் வந்து என் காலடியில் கொட்டினாள்.

"வாய வாடகைக்கு விட்டவளுக்கு வாடகை வந்திருக்குமே! இங்க எதுக்குச் சோத்துக்கு நிக்கிற?"

நான் குனிந்து தரையைத் துடைத்தேன். அவள் அண்ணன் ஊரில் மாடு மேய்க்கிறானாம், இன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் நன்றாக இருக்கட்டும்.

புதுச் சேனாதிபதி அடுத்த மாதம் வருகிறார். வயது ஏழு. அவருக்கும் நானே தலைவார வேண்டும் என்று காரியஸ்தர் உத்தரவு. என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கையாம்.

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சதாஹிராவிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல வேறொன்றும் இல்லை. உங்கள் கோபம் உங்கள் உடம்பைத் தின்னாமல் இருக்கட்டும்.

சிகுசா


கியோத்தோ,
ஒன்பதாம் மாதம், இருபத்தொன்பதாம் நாள்

என் தங்கை சிகுசாவுக்கு.

மலையெல்லாம் சிவந்துவிட்டது. நான் நலமாக இருக்கிறேன். நீ நலமாக இருக்க வேண்டும் என்று இன்று இரண்டு கோயிலில் வேண்டிக்கொண்டேன்.

பழைய சேனாதிபதி இருபத்திரண்டாம் நாள் இங்கே வந்து சேர்ந்தார். நகரத்துக்குக் கிழக்கே ஒரு பழைய மாளிகையில் அவரை வைத்திருக்கிறார்கள். முதல் நாள் வாசல் காவலுக்கு என்னைப் போட்டார்கள். வேண்டுமென்றே போட்டிருப்பார்கள்.

அவர் பல்லக்கிலிருந்து இறங்கினார். புழுதியில் ஆடை நிறம் மாறியிருந்தது. கொண்டை ஒழுங்காக இல்லை. வழியில் யார் முடிந்துவிட்டார்களோ. நான் தலையைக் குனிந்து நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருவன் அவர் காதில் விழட்டும் என்றே, "இவன்தான்டா அந்தச் சாட்சி சொன்னவளோட அண்ணன்" என்றான். மற்றவர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

அவர் நின்றுவிட்டார். என் பக்கம் வந்தார்.

"சிகுசாவோட அண்ணனா நீ? வெளியதான இருக்க?"

"ஆமாங்க பிரபு" என்றேன். 

"ம். அது போதும்" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "காமகுராவுல இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன். அந்த ஊர்ல என் சொல்லைக் கேட்டவ உன் தங்கச்சி ஒருத்திதான்."

காவலர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவன், "நல்லாக் கேட்டா பிரபு, நல்லாக் கேட்டா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவர் சிரிக்கவில்லை. நான் தலையை நிமிர்த்துகிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்த்தினேன். பிறகு உள்ளே போய்விட்டார்.

அன்றைய காவல் முடிந்தும் நான் மனைக்குத் திரும்பவில்லை. அந்த வாசலிலேயே இருந்தேன். சிரித்தவர்கள் வந்து, "மனசுல வச்சுக்காதப்பா" என்று ஆறுதல் சொன்னார்கள். வைத்துக்கொள்ள மாட்டேன் என்றேன்.

போன கடிதத்தில் நான் எழுதியதெல்லாம் விரல் வலியில் எழுதியது. அப்படி நினைத்து அதை மறந்துவிடு. இதற்குமேல் ஒன்றும் எழுத வேண்டாம், நீயும் எழுதாதே.

பனி விழுவதற்கு முன் என் காவல் முறை முடிகிறது. ஊருக்குப் போகாமல் நேரே காமகுரா வருகிறேன். அந்தச் சமையல்கட்டு வாசலிலேயே, எல்லோரும் பார்க்க, உன் காலில் விழுவேன். அண்ணன் தங்கை காலில் விழுகிற வழக்கம் இல்லைதான். நான் விழுவேன்.

உன் அண்ணன்,
நோபுகுனி